துணிக் கூரைகளின் கதை – 6: காற்று தாங்கிய பத்து ஏக்கர்

கடந்த வாரம் மியூனிக்கில் நிறுத்தியிருந்தோம். 1972 ஒலிம்பிக்குக்காகக் கட்டடக் கலைஞர் குந்தர் பேனிஷும், கூடாரக் கலையில் ஊறிய ஃப்ரை ஓட்டோவும் எஃகு வடங்களால் வலை பின்னி, அதை அக்ரிலிக் பலகைகளால் மூடிய கதை அது. பார்த்தவர்கள் எல்லாம் வாயைப் பிளந்தார்கள். செலவுக் கணக்கைப் பார்த்தவர்களும் வாயைப் பிளந்தார்கள்.

இந்த வாரம் அதற்கு நேர் எதிரான ஒரு கூட்டத்தைச் சந்திக்கப் போகிறோம். தூண் வேண்டாம், கம்பம் வேண்டாம், வலை பின்னும் நுணுக்க வேலையும் வேண்டாம். விசிறியைப் போட்டுவிட்டால் கூரை தானே எழுந்து நிற்கும் என்றவர்கள் அவர்கள். சொன்னதைச் செய்தும் காட்டினார்கள். 80 ஆயிரம் பேர் உட்காரும் மைதானத்தையே காற்றால் மூடினார்கள்.

அந்தக் கூட்டத்தின் தலைவர் டேவிட் கைகர். காற்றுக் கூரையை விளையாட்டு அரங்கத்துக்குக் கொண்டுவந்தவர் அவர்தான். சில ஆண்டுகளில் அதைக் கைவிட்டு நகர்ந்தவரும் அவரே. ஏன் நகர்ந்தார்?

*

ரேடாருக்கு ஒரு மூடி

இரண்டாம் உலகப் போர் முடிந்து பனிப்போர் தொடங்கிய காலம். வடக்கிலிருந்து சோவியத் விமானங்கள் வருமோ என்ற பயத்தில் அமெரிக்கா ரேடார்களை நிறுவிக்கொண்டிருந்தது. குளிர்ப் பிரதேசத்துக் காற்றும் பனியும் அந்த ஆன்டெனாக்களைப் பாடாய்ப் படுத்தின. மூடி போடலாம் என்றால் உலோகம் ஆகாது. ரேடியோ அலையை மறித்துவிடும்.

பஃபலோ நகரில் இருந்த கார்னெல் வானூர்தி ஆய்வுக்கூடத்தில் வால்டர் பேர்ட் என்ற பொறியாளர் இதற்கு வழி கண்டார். பூச்சு பூசிய துணியை அரைக்கோளமாகத் தைத்து, விளிம்பைத் தரையில் இறுகக் கட்டி, உள்ளே காற்றை ஊதினார். ஆண்டு 1948. ஊதி நிற்கும் அந்த வெள்ளைக் கோளத்தின் உச்சியில் பேர்ட் தாமே ஏறி நிற்கும் புகைப்படம் ஒன்று உண்டு. கீழே தூண் ஏதும் இல்லை என்பதைப் புரியவைக்க அதைவிடப் பெரிய விளக்கம் தேவைப்படவில்லை.

1956-ல் பேர்ட் சொந்தமாக பேர்டேர் நிறுவனத்தைத் தொடங்கினார். கிடங்குகளுக்கும் நீச்சல் குளங்களுக்கும் காற்றுக் கூரைகள் விற்கத் தொடங்கின. ஆனால் அரைக்கோளத்துக்கு ஒரு சிக்கல் இருந்தது. அகலம் கூடக் கூட உயரமும் கூடும். 200 மீட்டர் அகல மைதானத்தை மூட வேண்டுமானால் 100 மீட்டர் உயரத்துக்கு ஊத வேண்டும். அந்த உயரத்தில் பக்கவாட்டுக் காற்று மோதினால் துணி தாங்காது. ரேடாருக்குப் பொருந்தியது மைதானத்துக்குப் பொருந்தவில்லை.

*

வெட்டிய பட்ஜெட்டில் பிறந்த யோசனை

ஒசாகா, 1970. ஆசியாவின் முதல் உலகக் கண்காட்சி. நிலவிலிருந்து கொண்டுவந்த கல்லைக் காட்டி உலகத்தை அசத்த அமெரிக்கா ஆசைப்பட்டது. அந்தக் கல்லை வைக்கும் அரங்குக்குக் கேட்ட பணத்தைக் கொடுக்கத்தான் அமெரிக்கக் காங்கிரசுக்கு மனம் வரவில்லை. பட்ஜெட்டைக் கணிசமாக வெட்டியது. கட்டடக் கலைஞர்கள் டேவிஸ், பிராடி குழுவினர் போட்டு வைத்திருந்த பழைய திட்டத்தைச் சுருட்டி வைத்துவிட்டு, மிகக் குறைந்த செலவில் மிகப் பெரிய இடத்தை மூடுவது எப்படி என்று யோசிக்க வேண்டியதாயிற்று.

அங்கேதான் கைகர் வருகிறார். வயது முப்பதுகளின் நடுவில். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தவர்.

அவர் செய்த மாற்றம் கேட்பதற்குச் சாதாரணமாக இருக்கும்: கூரையைத் தட்டையாக்கினார். உயரமான கோளத்தைக் காற்று தள்ளும். தட்டையான கூரையை அது தள்ளுவதில்லை. மேலே உறிஞ்சித் தூக்கப் பார்க்கும். துணி பறந்துவிடாமல் எஃகு வடங்களைக் குறுக்கும் நெடுக்கும் போட்டு அழுத்திப் பிடித்தால் போதும். வடங்கள் விளிம்பை உள்நோக்கி இழுக்கும். அந்த இழுவையைத் தாங்கச் சுற்றிலும் ஒரு கான்கிரீட் வளையம்.

நுட்பம் அந்த வளையத்தில்தான் இருந்தது. சாதாரண நீள்வட்டமாக அமைத்தால் வடங்களின் இழுப்பில் வளையம் ஓரிடத்தில் உள்ளே வளையும், ஓரிடத்தில் வெளியே பிதுங்கும். வளைவைத் தாங்க வேண்டுமானால் கான்கிரீட்டைக் கொட்டிக்கொண்டே போக வேண்டும். கைகர், கணிதத்தில் பெருநீள்வட்டம் எனப்படும் வடிவத்தை எடுத்து, மூலைவிட்டமாக வடங்களை ஓட்டி, வளையத்தின் எந்த இடத்திலும் வளைவே வராதபடி கணக்கிட்டார். எல்லா விசையும் வளையத்தை அழுத்தும் விசையாக மட்டும் மாறியது. அழுத்தத்தைத் தாங்குவதில் கான்கிரீட்டுக்கு நிகர் எது? மண்மேட்டின் மேல் வளையத்தை உட்கார வைத்தார்கள். 142 மீட்டர் நீளம், 83 மீட்டர் அகலம். நடுவே ஒரு தூண்கூட இல்லை.

நிலாக் கல்லைப் பார்க்க வரிசையில் நின்றவர்கள் அண்ணாந்து கூரையைப் பார்த்திருப்பார்களா, தெரியாது. மைதானம் கட்ட நினைத்தவர்கள் பார்த்தார்கள்.

*

தீ கற்றுத்தந்த துணி

ஒசாகாவில் போட்டது வினைல் பூசிய கண்ணாடி இழைத் துணி. ஆறு மாதக் கண்காட்சிக்கு அது தாராளம். நிரந்தரக் கட்டடத்துக்கு அது உதவாது. வினைல் வெயிலில் நைந்துபோகும், அழுக்குப் பிடிக்கும், தீப்பிடிக்கும். தீயணைப்பு விதிகளைப் பொறுத்தவரை துணிக் கூரை என்றாலே தற்காலிகக் கொட்டகைதான்.

இதற்கான விடை ஒரு துயரத்தின் பின்னே காத்திருந்தது. 1967 ஜனவரியில் அப்போலோ 1 விண்கலத்தில், தரையில் நடந்த ஒத்திகையின்போதே தீப்பிடித்து மூன்று விண்வெளி வீரர்கள் இறந்தார்கள். அதன்பின் நாசா விண்வெளி உடையின் மேலடுக்கை மாற்றியது. பீட்டா எனப்படும் மெல்லிய கண்ணாடி இழையில் நெய்து டெஃப்லான் பூசிய, எரியாத துணி அது.

அதே ஜோடியைக் கனமாக நெய்தால் கூரைக்கு ஆகாதா? இந்தக் கேள்வியோடு கைகர், டுபான்ட், ஓவன்ஸ்-கார்னிங், கெம்ஃபேப், பேர்டேர் ஆகிய நிறுவனங்களைச் சேர்த்துக்கொண்டு இறங்கினார். பள்ளி, கல்லூரிக் கட்டடங்களை மலிவாக்கும் வழி தேடிக்கொண்டிருந்த ஃபோர்டு அறக்கட்டளையின் ஆதரவும் கிடைத்தது. 1973-ல் கலிஃபோர்னியாவின் லா வெர்ன் கல்லூரி மாணவர் மையத்தின் மேல் அந்தத் துணி முதன்முதலாகக் கூம்புக் கூம்பாக ஏறியது. மாணவர்கள் அதற்கு வைத்த பெயர் 'சூப்பர் டென்ட்'.

டெஃப்லானில் எதுவும் ஒட்டாது. மழை பெய்தால் அழுக்கு கழுவிக்கொண்டு போய்விடும். வெயில் அதை ஒன்றும் செய்வதில்லை. பகல் வெளிச்சத்தில் ஒரு பங்கு உள்ளே இறங்கும். சென்னை சேப்பாக்கத்தில் 2011 உலகக் கோப்பைக்கு முன் பழைய தூண்களையும் கூரையையும் அகற்றிவிட்டு வைத்த வெள்ளைக் கூம்புக் கூரைகளும் இந்தத் துணியின் வாரிசுகளே. தூண் மறைத்து விக்கெட்டைத் தவறவிட்ட பழைய ரசிகர்களுக்கு அதன் அருமை புரியும்.

ஆக, கைகரிடம் இப்போது வடிவம் இருந்தது, துணியும் இருந்தது. வாடிக்கையாளர் மட்டும்தான் பாக்கி.

*

பான்டியாக்கில் ஒரு பேரம்

அமெரிக்கக் கால்பந்துப் பருவம் குளிர்காலத்தில்தான் உச்சத்துக்கு வரும். டெட்ராய்ட் லயன்ஸ் அணிக்குப் பக்கத்து ஊரான பான்டியாக்கில் மூடிய மைதானம் வேண்டும். 1975-ல் சில்வர்டோம் திறந்தது. 80 ஆயிரம் இருக்கைகள், தலைக்குமேல் பத்து ஏக்கர் துணி, செலவு 5.6 கோடி டாலர் அளவில். அதே ஆண்டு நியூ ஆர்லியன்ஸில் எஃகுக் குவிமாடத்தோடு திறந்த சூப்பர்டோமுக்கு இதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் செலவாகியிருந்தது.

நகராட்சிகளுக்கு வேறு என்ன வேண்டும்? அயோவா, தெற்கு டகோட்டா, சிராக்யூஸ், இண்டியானாபொலிஸ், கனடாவின் வான்கூவர் என்று வரிசையாகக் காற்றுக் கூரைகள் எழுந்தன. ஊர்ப் பெயர்களைக் கவனியுங்கள். அநேகமாக எல்லாமே பனி கொட்டும் ஊர்கள். கூரை தேவைப்பட்டதே அதனால்தான். பின்னால் வந்த வம்பும் அதனால்தான்.

இந்தக் கூரைக்குள் அழுத்தம் பயங்கரமாக இருக்கும் என்று நினைக்க வேண்டாம். வெளிக்காற்றைவிட அரை சதவீதம்கூட அதிகமில்லை. பழகியவருக்குக் காது அடைப்பதுகூடத் தெரியாது. அந்தச் சொற்ப அழுத்தம் ஒரு சதுர மீட்டருக்கு இருபது, இருபத்தைந்து கிலோவை மேலே தள்ளிக்கொண்டிருக்கும். துணியும் வடமும் அதில் பாதிகூட எடை இல்லை என்பதால் கூரை மிதக்கிறது.

அந்த எண்ணை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இருபத்தைந்து கிலோ.

*

வானத்தில் காணாமல்போன பந்து

காற்றுக் கூரைகளில் அதிகம் பேசப்பட்டதும் ஏசப்பட்டதும் மினியாபொலிஸின் மெட்ரோடோம்தான். 1982 ஏப்ரலில் திறந்தது. கூரையின் எடை 260 டன் சொச்சம். அதைத் தூக்கிப் பிடிக்க 90 குதிரைத்திறன் கொண்ட 20 விசிறிகள். நிமிடத்துக்கு ஏழாயிரம் கன மீட்டர் காற்று. ரசிகர்கள் சுழல் கதவு வழியாகத்தான் நுழைய வேண்டும். சாதாரணக் கதவைத் திறந்து வைத்தால் கூரையின் உயிர் அதன் வழியே போய்விடும். ஆட்டம் முடிந்து வெளியேறும்போது உள்காற்று முதுகில் கைவைத்துத் தள்ளிவிடும். தொப்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்து விழுவது அந்த ஊர்க்காரர்களுக்கு ஒரு விளையாட்டு.

பேஸ்பால் ஆட்டக்காரர்கள்பாடு திண்டாட்டம். வெள்ளைப் பந்து வெள்ளைக் கூரைக்கு எதிரே கண்ணுக்குத் தெரியாது. 1984 மே 4 அன்று ஓக்லாண்ட் அணியின் டேவ் கிங்மேன் ஓங்கி அடித்த பந்து செங்குத்தாக ஏறியது. உள்கூரைத் துணியில் தண்ணீர் வடிய விட்டிருந்த ஓட்டைக்குள் நுழைந்தது. களத்தில் நின்றவர்கள் கையை விரித்துக்கொண்டு காத்திருந்தார்கள். பந்து இறங்கவே இல்லை! நடுவர்கள் கூடிப் பேசி, அடித்தவருக்கு இரண்டாம் தளத்தைக் கொடுத்தார்கள்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகும் சங்கதிகள். பனி அப்படியல்ல.

1981 நவம்பரில், திறப்பு விழாவுக்கு முன்பே, ஓரடிக்கு மேல் பனி கொட்டிக் கூரை இறங்கியது. 1982 டிசம்பரில் பனியை அள்ளப்போன கிரேன் துணியைக் கிழித்தது. 1983 ஏப்ரலில் மறுபடி பனி, மறுபடி கிழிசல். 1986-ல் ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே புயல்காற்றில் கூரை தள்ளாடியது. ஒன்பது நிமிடம் நிறுத்திவிட்டு ஆடினார்கள். பான்டியாக்கிலும் 1985 மார்ச்சில் சில்வர்டோம் கூரை பனியின் எடையில் விழுந்தது. டெட்ராய்ட் பிஸ்டன்ஸ் கூடைப்பந்து அணி மிச்சப் பருவத்துக்கு வேறு அரங்கம் தேடி ஓடியது.

ஏன் இப்படி? கைகரின் தட்டை வடிவம் காற்றை வென்றது. அதே தட்டை வடிவம் பனியைச் சறுக்கவிடாமல் தாங்கிக்கொண்டது. கல்யாணப் பந்தலில் மழை பெய்தால் பார்த்திருப்பீர்கள். தார்ப்பாயில் ஓரிடத்தில் தண்ணீர் கொஞ்சம் தேங்கும். அந்தக் கனத்தில் பாய் தொய்யும், தொய்ந்த இடத்துக்குச் சுற்றியுள்ள தண்ணீரெல்லாம் ஓடிவரும், இன்னும் தொய்யும். யாராவது கம்பால் குத்தித் தள்ளாவிட்டால் மாப்பிள்ளை வீட்டார் தலையில்தான். காற்றுக் கூரையில் பனி செய்வதும் இதையேதான்.

கம்பால் குத்தும் வேலைக்கு மெட்ரோடோமில் மூன்று வழிகள் வைத்திருந்தார்கள். இரண்டு அடுக்குத் துணிக்கு நடுவே சூடான காற்றைச் செலுத்திப் பனியை உருக்குவது. விசிறிகளை முடுக்கி அழுத்தத்தைக் கூட்டுவது. இரண்டும் போதாவிட்டால், ஆட்களைக் கூரைமேல் ஏற்றி மண்வெட்டியாலும் வெந்நீர்க் குழாயாலும் பனியைத் தள்ளுவது.

*

ஞாயிறு, விடியுமுன்

2010 டிசம்பர் 11, சனிக்கிழமை. மினியாபொலிஸில் பனிப்புயல். மறுநாள் மதியம் மினசோட்டா வைக்கிங்ஸ் அணியும் நியூயார்க் ஜயன்ட்ஸ் அணியும் மோத வேண்டும். ஜயன்ட்ஸ் வந்த விமானத்தைத் தரையிறக்க முடியாமல் கான்சாஸ் சிட்டிக்குத் திருப்பிவிட்டார்கள். ஆட்டம் திங்களுக்குத் தள்ளிப்போனது.

கூரைமேல் ஆட்கள் வெந்நீர்க் குழாயோடு பனியை உருக்கிக்கொண்டிருந்தார்கள். காற்றின் வேகம் கூடிக்கொண்டே போனது. வழுக்கும் துணி, பத்து மாடிக்கும் மேலான உயரம், கண் தெரியாத பனி. ஒரு கட்டத்தில் அதிகாரிகள் ஆட்களைக் கீழே இறங்கச் சொன்னார்கள்.

சரியான முடிவு. ஆள் போனால் வருவாரா? ஆனால் அந்த நொடியிலிருந்து கூரையைக் காக்க வெப்பமும் விசிறியும் மட்டுமே மிச்சம்.

43 சென்டிமீட்டர் பனி. பஞ்சுபோன்ற புதுப்பனி என்றே வைத்துக்கொண்டாலும், அந்தக் கனத்தில் ஒரு சதுர மீட்டருக்கு நாற்பது கிலோவைத் தொடும். காற்று அதை வாரிக்கொண்டுபோய்ப் பள்ளமான இடங்களில் குவித்தபின் கணக்கு இன்னும் மோசம்.

ஞாயிறு விடியற்காலை ஐந்து மணிவாக்கில் கூரை நடுவே தொய்ந்தது. மறுநாள் ஒளிபரப்புக்காக ஃபாக்ஸ் தொலைக்காட்சி உள்ளே வைத்திருந்த கேமராக்கள் அதைப் பதிவு செய்தன. காலியான மைதானம். மேலே துணி மெல்ல மெல்லத் தொந்தி போடுகிறது. திடீரென ஒரு பட்டை கிழிகிறது. பனி அருவியாகக் களத்தில் கொட்டுகிறது. அடுத்தது. அதற்கடுத்தது. யாருக்கும் காயமில்லை.

திங்கள் இரவு ஆட்டத்தை டெட்ராய்ட்டின் ஃபோர்டு ஃபீல்டில் நடத்தினார்கள். காற்றுக் கூரை சில்வர்டோமை விட்டு 2002-ல் லயன்ஸ் குடிபோன அரங்கம் அது. அதன் கூரை எஃகு. தோள் காயத்தால் அன்று களமிறங்க முடியாமல் போன வைக்கிங்ஸ் நட்சத்திரம் பிரெட் ஃபார்வின் 297 தொடர் ஆட்டச் சாதனையும் அத்தோடு முடிந்தது. ஒரு நாள் தள்ளிப்போனதும் அவருக்கு உதவவில்லை.

*

பழி யார்மேல்?

துணியைக் குறை சொன்னவர்கள் அப்போது நிறையப் பேர். இந்தத் தொடரின் கணிப்பு வேறு. அந்தத் துணி ஏறக்குறைய முப்பது குளிர்காலம் உழைத்திருந்தது. அதன் முன்னோடியான லா வெர்ன் கூரை அதைவிடப் பல ஆண்டுகள் கூடுதலாக நின்றது. பிசகு ஏற்பாட்டில் இருந்தது. எஃகுக் கூரைக்குக் கட்டும்போதே செலவு முடிந்துவிடும். காற்றுக் கூரைக்குக் கட்டும்போது மிச்சம் பிடித்த பணத்தை, விசிறிக்கு மின்சாரமாகவும் பனி இரவுகளில் கண்விழிக்கும் ஆட்களாகவும் ஆண்டு முழுக்கத் தவணை கட்ட வேண்டும். ஒரு ராத்திரி தவணை தவறினாலும் கூரை தரைக்கு வந்துவிடும்.

அதற்கு முன்னும் பின்னுமாக ஒவ்வொன்றாகக் கழற்றினார்கள். வான்கூவரின் பிசி பிளேஸ் கூரை 2007 ஜனவரியில் கிழிந்து விழுந்தது; 2011-ல் வடங்களில் தொங்கும் மடக்குக் கூரையோடு மறுபடி திறந்தது. மெட்ரோடோமின் காற்றை 2014-ல் கடைசியாக இறக்கிவிட்டு இடித்தார்கள். கடும் பனிக்குப் பேர்போன சிராக்யூஸ் 2020-ல் விடைகொடுத்தது. துணி போய் எலும்புக்கூடாய் நின்ற சில்வர்டோமை 2017 டிசம்பரில் வெடிவைத்துத் தகர்க்கப் பார்த்தார்கள். வெடி வெடித்தது, மேல்வளையம் அசையவில்லை. மறுநாள் மீண்டும் வைத்துத்தான் சாய்த்தார்கள். பனி அதிகம் தொல்லை தராத டோக்கியோவில் 1988-ல் எழுந்த டோக்கியோ டோம் மட்டும் இன்றும் காற்றில்தான் நிற்கிறது.

ஆனால் கைகர் இதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. மெட்ரோடோம் திறந்த சில ஆண்டுகளிலேயே அவர் மனம் காற்றை விட்டு நகர்ந்துவிட்டது. 1988 ஒலிம்பிக்குக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்த சோலில், ஜிம்னாஸ்டிக்ஸ் போட்டிக்கான வட்ட அரங்கத்துக்குக் கூரை போடும் வேலை அவரிடம் வந்தது. விட்டம் 120 மீட்டர். மேலே துணிதான். கீழே ஊதும் விசிறி ஒன்றுகூட இல்லை. நடுவே தரையிலிருந்து எழும் தூணும் இல்லை.

இன்னும் விசித்திரம், அந்தக் கூரைக்குள் செங்குத்தான எஃகுக் கம்பங்கள் வட்ட வட்டமாக நிற்கின்றன. ஒன்றின் அடிகூடத் தரையைத் தொடவில்லை. அப்படியானால் அந்தக் கம்பங்கள் எதன்மேல் நிற்கின்றன?

(அடுத்த வாரம்)